பலகையில் விதியோடு காரணத்தையும் எழுதுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சில வாரங்களுக்கு முன் உங்கள் வாசகர் கடிதப் பகுதியில் ஒருவர் மனம் நொந்து எழுதியிருந்தார். நம் ஜனங்களுக்கு விதி என்றாலே வேப்பங்காய், எது செய்யலாம் எது கூடாது என்று யோசிக்கிற புத்தியே கிடையாது, பள்ளிக்கூடத்தில் தர்க்கம் சொல்லிக் கொடுத்தால்தான் தேறுவார்கள் என்பது அவர் கட்சி. நான் கும்பகோணம் பக்கம் அரசு பஸ்ஸில் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவன். டவுன் பஸ், ரூட் பஸ், முகூர்த்த நாள் ஸ்பெஷல் என்று எல்லாவற்றிலும் விசில் ஊதியிருக்கிறேன். விதியைப் பற்றி ஜனங்கள் வழக்காடுவதைக் காலை முதல் ராத்திரி வரை கேட்பதுதான் என் உத்தியோகம்; டிக்கெட் கிழிப்பது அதற்கு நடுவில் செய்தது. அவர் சொல்வது சரியில்லை. யோசிக்கிற புத்தி ஏராளமாக இருக்கிறது. அது யார் மேல் பாய்கிறது என்பதில்தான் கோளாறு.

என் மகள் கல்லூரியில் உளவியல் படித்தவள். பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தபோது வீட்டில் எல்லாரிடமும் ஒரு புதிரைப் போட்டாள். இங்கிலாந்தில் பீட்டர் வேசன் என்ற உளவியலாளர் 1966-ல் வெளியிட்டது. மேசைமேல் நான்கு அட்டைகள். ஒவ்வொன்றிலும் ஒரு பக்கம் எழுத்து, மறுபக்கம் எண். அவர் ஆங்கில எழுத்தில் போட்டதை மகள் நமக்காக மாற்றிக்கொண்டாள்: மேலே தெரிவது அ, க, 4, 7. “ஒரு பக்கம் உயிரெழுத்து இருந்தால் மறுபக்கம் இரட்டைப்படை எண் இருக்கும்” என்று ஒரு விதி. இந்த விதி பொய்யா மெய்யா என்று பார்க்க எந்தெந்த அட்டையைத் திருப்ப வேண்டும்?

பெரும்பாலோர் ‘அ’ ஒன்று போதும் என்பார்கள், அல்லது ‘அ’வையும் ‘4’ஐயும் சொல்வார்கள். சரியான விடை ‘அ’வும் ‘7’உம். நாலுக்குப் பின்னால் எந்த எழுத்து இருந்தாலும் விதிக்கு ஒன்றும் ஆகாது. ஏழுக்குப் பின்னால் உயிரெழுத்து இருந்துவிட்டால்தான் விதி உடையும். இதைப் பத்தில் ஒருவர்கூடச் சரியாகச் சொல்வதில்லையாம். தோற்றவர்கள் எல்லாம் வெளிநாட்டுக் கல்லூரி மாணவர்கள் என்பதை, வெளிநாட்டைப் பாருங்கள் என்று எழுதிய அந்த வாசகர் மனதில் கொள்ள வேண்டும்.

இனி இதே புதிரை என் பஸ்ஸுக்குள் கொண்டு வருகிறேன். அரை டிக்கெட் வாங்கியவருக்கு வயது 12-க்குள் இருக்க வேண்டும். இது விதி. கூட்டத்தில் நான்கு பேர். ஒருவர் கையில் அரை டிக்கெட் தெரிகிறது, ஆள் தூணுக்குப் பின்னால், முகம் தெரியவில்லை. இன்னொருவர் கையில் முழு டிக்கெட், அவர் முகமும் தெரியவில்லை. மூன்றாவது, ஜன்னலோரம் ஒன்பது வயதுச் சிறுமி. நான்காவது, மீசை அரும்பிய பதினைந்து வயதுப் பையன், டிக்கெட்டைச் சட்டைப்பையில் மடித்து வைத்திருக்கிறான். யாரைக் கேட்பீர்கள்? அரை டிக்கெட்காரரை எட்டிப் பார்ப்பேன், மீசைக்காரனிடம் “தம்பி, சீட்டைக் காட்டு” என்பேன். முழு டிக்கெட்டையும் சிறுமியையும் சீண்ட மாட்டேன். நான் மட்டுமில்லை. வேலைக்குச் சேர்ந்த முதல் நாள் கண்டக்டரும் அப்படித்தான் செய்வார். பக்கத்துச் சீட்டுப் பாட்டியும் அப்படித்தான் சொல்வாள். அட்டையில் தோற்ற அதே கணக்குதான் இது. அ, க, 4, 7 என்று இருந்தபோது மண்டையில் ஏறாதது, ஆளும் டிக்கெட்டுமாக வந்தபோது தானாக வருகிறது.

இது என் கற்பனையில்லை. அமெரிக்காவில் புளோரிடாவில் கிரிக்ஸ், காக்ஸ் என்ற இருவர் 1982-ல் இதைச் சோதித்திருக்கிறார்கள். பீர் குடிப்பவருக்கு வயது 19-க்கு மேல் இருக்க வேண்டும். மீறுகிறவர் யார் என்று கண்டுபிடிக்க நீங்கள் போலீஸ்காரர். பீர் குடிப்பவர், கோக் குடிப்பவர், 22 வயதுக்காரர், 16 வயதுக்காரர். அட்டையில் தோற்கிற அதே மாதிரி மாணவர்களில் நாலில் மூன்று பங்கு பேர் பீர்க்காரரையும் 16 வயதுக்காரரையும் சரியாகப் பிடித்துவிட்டார்கள்.

மூன்று, நான்கு வயதுக் குழந்தைகளுக்கே இது வருகிறது என்று பின்னால் காட்டினார்கள். “வெளியே விளையாடப் போனால் கோட்டுப் போட்டுக்கொள்” என்று அம்மா சொல்லியிருக்கிறாள். நான்கு படத்தில் சொன்ன பேச்சைக் கேட்காத பிள்ளை எது என்று கேட்டால், வெளியே கோட்டில்லாமல் நிற்பதைத்தான் தொட்டுக் காட்டுகின்றன. வீட்டுக்குள் கோட்டில்லாமல் இருப்பதை அல்ல. பஸ்ஸில் கேட்க வேண்டுமா! குழந்தைகளுக்கு இலவசம் 3 வயது வரை என்றிருந்தது. 2022-ல் அதை 5 என்று உயர்த்தினார்கள். தாய்மார் சொல்கிற வயதும் கூடவே உயர்ந்தது. “நாலே முக்கால் சார்” என்று அம்மா சொல்லும்போது, “போன மாசம் கேக் வெட்டினோமே” என்று மடியிலிருந்து குரல் வரும். விதியும் தெரியும், தான் எந்தப் பக்கம் இருக்கிறோம் என்பதும் தெரியும். ஐந்து வயதில் அவ்வளவும் தெரிகிறது.

அப்படியானால் தகராறு எங்கே வருகிறது?

இங்கேதான் எனக்கு மிகவும் பிடித்த ஆராய்ச்சி ஒன்றைச் சொல்ல வேண்டும். செங், ஹோலியோக் என்ற இருவர் 1985-ல் செய்தது. உறையை ஒட்டியிருந்தால் கூடுதல் தபால்தலை ஒட்ட வேண்டும் என்று ஒரு விதி. ஹாங்காங் மாணவர்களிடமும் மிச்சிகன் மாணவர்களிடமும் கொடுத்து, மீறலைப் பிடிக்க எந்த உறைகளைத் திருப்பிப் பார்க்க வேண்டும் என்று கேட்டார்கள். ஹாங்காங்கில் அப்படி ஒரு தபால் விதி நிஜமாகவே இருந்திருக்கிறது. அவர்கள் சரியாகச் சொன்னார்கள். மிச்சிகனில் அப்படி விதி இல்லை, பலர் தடுமாறினார்கள். பிறகு ஒரே ஒரு வாக்கியம் சேர்த்தார்கள்: ஒட்டிய உறை சொந்தக் கடிதம், அதற்குத் தபால் துறை அதிகக் கட்டணம் வாங்குகிறது என்று காரணம். அவ்வளவுதான், மிச்சிகன் மாணவர்களும் ஹாங்காங் மாணவர்களுக்குச் சமமாக வந்துவிட்டார்கள். பாடம் நடத்தவில்லை. தர்க்கம் சொல்லிக் கொடுக்கவில்லை. விதி எதற்கு என்று மட்டும் சொன்னார்கள்.

நம் ஊரில் என் வயதுக்காரர்களுக்கு அந்த ஒரு வாக்கியம்கூட வேண்டியிருக்காது. கல்யாணப் பத்திரிகை அனுப்பும்போது உறையை ஒட்டாமல் மடிப்பை உள்ளே செருகி, மூலையில் ‘புக் போஸ்ட்’ என்று எழுதி, குறைந்த தலை ஒட்டி நூற்றுக்கணக்கில் அனுப்பியவர்கள் நாம். உள்ளே கையால் நாலு வரி எழுதி வைத்தால் தபால்காரர் கண்டுபிடித்துவிடுவாரோ என்று பயந்தவர்களும் நாமேதான். ஒட்டிய உறைக்கு ஏன் அதிகக் காசு என்று பெரியப்பா முதல் பொடிசு வரை தெரியும். அதனால் மீறல் எது என்பதும் தெரியும்.

பஸ்ஸிலும் அப்படித்தான். பள்ளிப் பிள்ளைகளுக்கு அரசு இலவச பாஸ் கொடுக்கிறது. ஜூன் மாதம் பள்ளி திறந்து புது பாஸ் கைக்கு வரும்வரை, சீருடை போட்டிருந்தாலோ பழைய பாஸ் இருந்தாலோ ஏற்றிக்கொள்ளச் சொல்வார்கள். சொல்லுக்குச் சொல் எடுத்துக்கொண்டால், சீருடை இருந்தால் டிக்கெட் வேண்டாம். ஒரு ஞாயிற்றுக்கிழமை பாபநாசத்தில் மூன்று பையன்கள் பள்ளிக்கூடச் சட்டையோடு ஏறி, தஞ்சாவூர் போகிறோம், யூனிஃபார்ம்தான் சார் என்றார்கள். நான் வாயைத் திறப்பதற்கு முன் முன்சீட்டு வெற்றிலைக் கிழவர் திரும்பிப் பார்த்து, “எலே, பாஸு பள்ளிக்கூடம் போறதுக்குல்ல குடுத்தாக? தஞ்சாவூர்ல எந்த தியேட்டர்ல பள்ளிக்கூடம் நடத்துறாக?” என்றார். பஸ் முழுக்கச் சிரிப்பு. பையன்களும் சிரித்துக்கொண்டே காசை எடுத்தார்கள். அந்தக் கிழவர் எந்தச் சுற்றறிக்கையையும் படித்தவரில்லை. இலவசம் எதற்கு என்று அவருக்குத் தெரிந்திருந்தது, அது போதுமாக இருந்தது.

காரணம் தெரியாத இடத்தில் மீறல் கண்ணுக்கே படாது என்பதற்கு இன்னொன்று. ஷ்வெடர் என்ற மானிடவியலாளரும் கூட்டாளிகளும் ஒடிசாவில் புவனேஸ்வரத்திலும் அமெரிக்காவில் சிகாகோவிலும் குழந்தைகளையும் பெரியவர்களையும் கேட்டு 1987-ல் வெளியிட்டார்கள். தந்தை இறந்த மறுநாள் மூத்த மகன் முடி வெட்டிக்கொண்டு கோழிக்கறி சாப்பிடுகிறான், இது தப்பா? புவனேஸ்வரத்தில் பெரிய தப்புகளின் வரிசையில் அதை முதலில் வைத்தார்கள். சிகாகோவில் அதில் என்ன இருக்கிறது என்று கேட்டார்கள். சிகாகோக்காரருக்குப் புத்தியில்லை என்று யாரும் சொல்வார்களா? கருமாதி முடியும்வரை விரதம் எதற்கு என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை.

இப்போது கோளாறுக்கு வருகிறேன். லீடா காஸ்மிடஸ் என்ற அம்மையார் 1989-ல் எழுதியது, மனிதர்களுக்கு ஏமாற்றுக்காரனைப் பிடிக்கிற கண் தனியாகவே அமைந்திருக்கிறது என்று. பலனை அனுபவித்துவிட்டு அதற்கு உரியதைக் கொடுக்காதவன் எங்கே என்று அந்தக் கண் தேடிக்கொண்டே இருக்குமாம். தனிக் கண்ணா, பழக்கமா என்று படித்தவர்கள் இன்னும் சண்டை போடுகிறார்கள் என்றாள் மகள். அது அவர்கள் பாடு. ஆனால் அப்படி ஒரு கண் இருக்கிறது என்பதற்கு நான் சாட்சி. அந்தக் கண்ணுக்கு ஒரு குறை உண்டு. பலன் தெரிந்து, கொடுத்தது தெரியாவிட்டால் உடனே மணி அடித்துவிடும். கொடுக்க வேண்டியதை வேறு யாரோ கொடுத்துவிட்டார்கள் என்பதை அது பார்ப்பதில்லை.

2021 மே 8-ஆம் தேதி முதல் சாதாரணக் கட்டண டவுன் பஸ்களில் பெண்களுக்குக் கட்டணமில்லை. பிறகு திருநங்கைகளுக்கும், மாற்றுத்திறனாளிகளுக்கும் அவர்களுடைய உதவியாளர் ஒருவருக்கும் அதைக் கொடுத்தார்கள். இதனால் ஏற்படுகிற இழப்பைப் போக்குவரத்துக் கழகங்களுக்கு அரசு ஈடு கட்டுகிறது. பயணிக்கிறவர்களை எண்ணுவதற்காகவே கட்டணமில்லாச் சீட்டு ஒன்றைக் கிழித்துக் கொடுக்கிறோம். ஓய்வு பெறுவதற்கு முன் அந்தச் சீட்டை நானும் நிறையக் கிழித்தேன். அப்போது கேட்ட பேச்சு, அதற்கு முந்தைய சர்வீஸ் முழுவதிலும் கேட்டதில்லை.

ஒரு கிருத்திகை சாயங்காலம், சுவாமிமலையிலிருந்து திரும்புகிற டவுன் பஸ். நெற்றி நிறைய விபூதியோடு ஜனம் படி வரை நிற்கிறது. நடுவில் பொதுச் சீட்டில் ஐம்பது வயதுப் பூக்கார அம்மா ஒருவர், காலிக் கூடையைக் கவிழ்த்து மடியில் வைத்து, அதன்மேல் தலை சாய்த்து அரைத்தூக்கம். பக்கத்தில் நின்ற வெள்ளை வேட்டிக்காரர் என்னைக் கூப்பிட்டார். “கண்டக்டரே, காசு குடுத்து டிக்கெட் எடுத்தவன் நின்னுட்டு வர்றேன். ஓசில வர்றவங்க உக்காந்துட்டு வர்றாங்க. இது எந்த ஊர் நியாயம்?” நின்றிருந்த இன்னும் இரண்டு பேர் ஆமாம் போட்டார்கள். அந்த அம்மா கண்ணைத் திறந்து, ஒன்றும் சொல்லாமல் கூடையை எடுத்துக்கொண்டு எழப் பார்த்தார்.

நான் சொன்னேன்: “ஐயா, நீங்க குடுத்த காசு பஸ்ல வர்றதுக்கு. உக்கார்றதுக்குன்னு தனிச் சீட்டு என் பையில இல்ல. நீங்க ஏறுறப்பவே எடம் இல்லன்னு பாத்துத்தான் ஏறுனீங்க. அந்தம்மாவுக்கு உண்டானதை கவர்மெண்ட் குடுக்குது. இந்தா பாருங்க, அதுக்கும் சீட்டு இருக்கு, நம்பர் இருக்கு.” அம்மா கையில் இருந்த சீட்டை அவரிடம் காட்டினேன். அதை வாங்கி வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “அப்ப இது கணக்குல வருதா?” என்றார். வருது என்றேன். “அதைச் சொல்லணும்ல? நீ உக்காரும்மா” என்றுவிட்டார். இரண்டு நிறுத்தம் கழித்து மறுபடி அவர் குரல்: “கண்டக்டரே, அந்தப் பையன் மொகத்துல அத்தாம் பெரிய மீசை, கையில அரை டிக்கெட். இதக் கேக்க மாட்டியா?” கேட்டேன். பையனுக்குப் பதினாலு.

அவரைக் கெட்டவர் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஏமாற்றுக்காரனைப் பிடிக்கிற கண் அவருக்கு நன்றாகவே வேலை செய்தது. ஏமாற்றாத ஒருவர் மேல் அது முதலில் பாய்ந்தது, ஏனென்றால் அரசு பணம் கொடுக்கிறது என்று அந்த பஸ்ஸில் எங்கேயும் எழுதியில்லை. ‘பெண்களுக்குக் கட்டணமில்லை’ என்று மட்டும் எழுதியிருந்தது. காசில்லை, ஆகவே உரிமையில்லை என்று அவரே முடித்துக்கொண்டார்.

பெண்கள் பக்கத்திலும் இதே கோளாறு வேறு வேடத்தில் வரும். “காசுதான் இல்லையே, எதுக்குத் தம்பி சீட்டு? கிழிச்சுப் போடாத” என்று வாங்க மறுப்பார்கள். சீட்டு என்றால் காசுக்கு ரசீது என்பது அவர்கள் கணக்கு, அதில் தர்க்கப் பிழை ஒன்றுமில்லை. “நீங்க வாங்குனாத்தான் இந்த பஸ்ல இத்தன பேர் வந்தீங்கன்னு தெரியும், அதவச்சுத்தான் பஸ்ஸுக்குப் பணம் வரும்” என்றால் மறுபேச்சில்லாமல் வாங்கிக்கொள்வார்கள். சிலர் பக்கத்தில் இருப்பவளுக்கும் சேர்த்து வாங்கிக் கொடுப்பார்கள்.

ஒரே விதியில் இரண்டு பக்கத்து ஆளும் இரண்டு மீறலைத் தேடுவார்கள் என்பதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். கிகரென்சர், ஹக் என்ற இருவர் 1992-ல் இதைச் சோதித்திருக்கிறார்கள். வார இறுதியில் வேலை பார்த்த ஊழியருக்கு வாரநாளில் ஒரு நாள் விடுப்பு என்பது விதி. நீ ஊழியன் என்று நினைத்துக்கொள் என்றால், வேலை பார்த்தும் விடுப்புக் கிடைக்காதவரைத் தேடுகிறார்கள். நீ முதலாளி என்றால், வேலை பார்க்காமலே விடுப்பு எடுத்தவரைத் தேடுகிறார்கள். இதைச் சொன்னதும் நான் சிரித்துவிட்டேன். டெப்போவில் டூட்டி போடுகிறவருக்கும் எங்களுக்கும் மாதக் கடைசியில் நடக்கிற சண்டை முழுவதும் இதுதான். டபுள் டூட்டி பார்த்தவனுக்கு ஓய்வு. அவர் நோட்டில் டூட்டி பார்க்காமல் ஓய்வு எடுத்தவன் பெயர் சிவப்பு மையில் இருக்கும். எங்கள் பையில் டூட்டி பார்த்தும் ஓய்வு வராத தேதி எழுதிய துண்டுக் காகிதம் இருக்கும். இரண்டு பேர் கணக்கும் சரி. அடுத்தவர் கணக்கை யாரும் கூட்டிப் பார்ப்பதில்லை.

‘பெண்கள்’ என்று எழுதிய சீட்டில் நடப்பதும் அதுதான். அந்த ஒற்றைச் சொல்லை வைத்து எத்தனை சட்டம் செய்கிறார்கள்! பெண்கள் யாரும் நிற்காதபோது ஆண் உட்காரலாமா? உட்கார்ந்தவர் பெண் ஏறியதும் எழ வேண்டுமா, கேட்டால் எழ வேண்டுமா, கண்டக்டர் சொன்னால்தான் எழ வேண்டுமா? எழச் சொன்னால் பத்தில் பாதிப் பேர் சொல்கிற பதில்: “எதிர்வரிசை ஆம்பளை சீட்டுல மூணு பொம்பளைங்க உக்காந்திருக்காங்க, மொதல்ல அவங்களை எழுப்புங்க.” எதிர்வரிசையில் ‘ஆண்கள்’ என்று எங்கே எழுதியிருக்கிறது? எழுதாத இடம் எல்லாருக்கும் பொது. ஆனால் இந்தப் பக்கம் பெண்களுக்கு என்றால் அந்தப் பக்கம் நமக்கு என்று மனம் தானாகப் பங்கு பிரித்துவிடுகிறது. பிரித்தபின், தன் பங்கில் உட்கார்ந்த பெண்தான் விதி மீறியவர். வேசன் அட்டையில் நாலைத் திருப்பிப் பார்க்கிறவர்கள் இவர்கள்தான் என்று மகளிடம் சொன்னேன். அப்பா, விட்டால் நீங்கள் என் பேப்பரையே திருத்துவீர்கள் என்றாள்.

காரணம் சொன்னால் எல்லாம் சரியாகிவிடும் என்று நான் சொல்லவில்லை. எந்தக் காரணம் என்பது முக்கியம். மில்கிராம் என்ற உளவியலாளர் 1970-களில் தன் மாணவர்களை நியூயார்க் சுரங்க ரயிலில் ஏற்றிவிட்டு, உட்கார்ந்திருப்பவரிடம் போய் உங்கள் இடத்தைக் கொடுங்கள் என்று கேட்கச் சொன்னார். ஒரு காரணமும் சொல்லாமல் கேட்டபோது 68 சதவீதம் பேர் எழுந்து கொடுத்தார்கள் அல்லது நகர்ந்து இடம் விட்டார்கள். “நின்றுகொண்டு புத்தகம் படிக்க முடியவில்லை” என்று காரணம் சொன்னபோது அது 42 சதவீதமாக இறங்கிவிட்டது. காரணமே சொல்லாதவனுக்கு உடம்பு சரியில்லையோ என்னவோ என்று நினைத்துக் கொடுத்தவர்கள், புத்தகம் என்றதும் போடா என்று இருந்துவிட்டார்கள். சொத்தைக் காரணம் சொல்வதைவிடச் சும்மா இருப்பது மேல். ‘நிர்வாக நலன் கருதி’, ‘மேலிட உத்தரவுப்படி’ என்று அலுவலகங்களில் ஒட்டுகிற அறிவிப்பெல்லாம் இந்த ரகம்.

நல்ல காரணமும் பலிக்காத இடம் உண்டு. ‘படியில் பயணம் நொடியில் மரணம்’ என்பதைவிடப் பளிச்சென்று காரணம் சொன்ன பலகை தமிழ்நாட்டில் எதுவும் இல்லை. அந்த எழுத்துக்கு நேர் கீழேதான் காலேஜ் பையன்கள் ஒற்றைக் காலில் தொங்குவார்கள். நான் யோசித்துப் பார்த்ததில், அந்தக் காரணம்தான் அவர்களுக்கு வழியும் விடுகிறது. விழுந்தால்தானே மரணம், எனக்குப் பிடி இருக்கிறது, நான் விழமாட்டேன், ஆகவே இது எனக்கில்லை. தன் உயிருக்கு ஆபத்து என்கிற விதியில் எல்லாரும் தனக்கு மட்டும் விலக்கு எழுதிக்கொள்கிறார்கள். ஹெல்மெட்டும் அப்படித்தான். அங்கே வாசகம் வேலைக்கு ஆகாது, கதவு போட்டு மூட வேண்டும். கதவு வந்த பஸ்களில் யாரும் தொங்குவதில்லை. அடுத்தவருக்கு உண்டானது தட்டிப் போகிற விதிகளைத்தான் காரணம் காப்பாற்றும். சீட்டு, வரிசை, பாஸ், சலுகை எல்லாம் அந்த வகை.

அபராதத்தைக் கூட்டு என்று அந்த வாசகர் கடைசியில் கேட்டிருந்தார். டிக்கெட் இல்லாமல் வந்தால் 500 ரூபாய் வரை அபராதம் என்று பஸ்ஸில் இப்போதே எழுதியிருக்கிறது. செக்கிங் வரும்போது பார்த்தால் அது தேவைதான். ஆனால் எல்லாவற்றுக்கும் அபராதம் போடாதீர்கள். இஸ்ரேலில் ஹைஃபா நகரத்தில் குழந்தைக் காப்பகங்களில் பிள்ளைகளைக் கூட்டிப்போகத் தாமதமாக வருகிற பெற்றோருக்கு அபராதம் போட்டுப் பார்த்தார்கள். 2000-ல் வெளிவந்த ஆராய்ச்சி. தாமதம் குறைய வேண்டும் அல்லவா? ஏறக்குறைய இரண்டு மடங்கானது. அதுவரை ஆசிரியை காத்திருப்பாளே என்று கூச்சப்பட்டவர்கள், காசு கட்டியாகிவிட்டது என்று நிம்மதியாக வந்தார்கள். அபராதத்தை எடுத்த பிறகும் பழைய கூச்சம் திரும்பவில்லை.

ஆகவே உங்கள் பத்திரிகை வழியாக நான் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. ‘பெண்கள்’ என்று எழுதிய இடத்தில் அதற்குக் கீழே, ‘பெண்கள் நிற்கும்போது ஆண்கள் எழுந்து இடம் தர வேண்டும். மற்ற இருக்கைகள் அனைவருக்கும் பொது’ என்று எழுதட்டும். கட்டணமில்லா பஸ்ஸில் ஏறுகிற படிக்கு எதிரே, ‘இந்தப் பயணத்துக்கான கட்டணத்தை அரசு செலுத்துகிறது. எண்ணிக்கைக்காகச் சீட்டைத் தவறாமல் பெற்றுக்கொள்ளுங்கள்’ என்று எழுதட்டும். மாற்றுத்திறனாளி இருக்கையின் மேல், பார்த்தால் தெரியாத ஊனமும் உண்டு என்று ஒரு வரி. இந்தக் கடைசி வரி இல்லாததால், காது கேளாத பிள்ளைகளும் செயற்கைக் கால் வைத்த பெண்களும் பஸ் நடுவில் நின்று ஊருக்கே அட்டையைக் காட்டிக்கொண்டிருந்ததைப் பார்த்தவன் நான். கண்டக்டர் ஒவ்வொரு ட்ரிப்பிலும் தொண்டை வற்ற இதைச் சொல்ல முடியாது. டிக்கெட்டும் கொடுக்க வேண்டும், சில்லறையும் தேட வேண்டும், ஸ்டேஜுக்கு ஸ்டேஜ் கணக்கும் எழுத வேண்டும்.

இடமில்லை என்று யாராவது சொல்லக்கூடும். டிரைவர் முதுகுக்குப் பின்னால் திருக்குறள் பலகை இருக்கிறதே, அதற்குப் பக்கத்தில் இரண்டு முழ அகலத்துக்கு வெறும் தகடுதான், பிளைவுட் விளம்பரக்காரர்கள் மட்டும் அவ்வப்போது ஸ்டிக்கர் ஒட்டிப் போகிறார்கள். திருக்குறளை எடுக்கச் சொல்லவில்லை, அந்த ஸ்டிக்கரைக் கிழித்தால் போதும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற நடத்துநர் ஒருவர்,
கும்பகோணம்.
(பெயரை வெளியிட வேண்டாம். உடன் வேலை பார்த்தவர்கள் டீக்கடையில் வைத்துக் கிண்டல் செய்வார்கள்.)